அரசனின் நேர்த்தி, கடைத்தெருவின் சில்லறை

கடந்த இதழை உரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த கதையோடு நிறுத்தியிருந்தோம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரபுக் கரையோரம் போகையில் காற்றில் அகப்பட்டு இலங்கையில் வந்து ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு அரசர்களின் முகம் இருந்தும் எடை மட்டும் ஒன்றாக இருந்தது. அதைக் கண்ட இலங்கை அரசன், இப்படிக் காசடிக்கிறவர்கள் நேர்மையானவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மெச்சி, நான்கு தூதுவரை உரோமுக்கு அனுப்பினான். கிளோடியஸ் பேரரசனின் காலம், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கை மண்ணில் குவியல் குவியலாகக் கிடைப்பது அந்த வெள்ளி அல்ல. கிடைப்பதெல்லாம் செம்பு; அதுவும் பிளினிக்கு முந்நூறு, நானூறு ஆண்டு பிந்திய செம்பு. நூல்களில் வெண்கலம் என்று எழுதுவார்கள். செம்போடு ஈயமும் தகரமும் கலந்த உலோகம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். பெரும்பாலானவற்றின் எடை ஒரு கிராமை ஒட்டியே நிற்கும். கையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

சீகிரியாவில் மட்டும் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் எடுத்தார்கள். தொல்லியல் திணைக்களத்தில் பணிபுரிந்த ஜோன் ஸ்டில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, 1907ல் ராஜரீக ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் கட்டுரையாக்கினார். மாத்தறைக்குப் பக்கத்தில் நைமன, மன்னாரில் மாந்தை, அனுராதபுரம், யாழ்ப்பாணத்தில் கந்தரோடை என்று பட்டியல் நீளும். 1924ல் கொட்றிங்ரன் எழுதிய இலங்கை நாணய நூலிலும் இவற்றுக்கு இடமுண்டு. 2008ல் ஜெர்மானிய அறிஞர் ரெயின்ஹோல்ட் வால்பேர்க், உரோமக் காசு எது, அதைப் பார்த்து இங்கேயே செய்த போலி எது என்று பிரித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அக்கரையிலும் இதே நிலைமைதான். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் அகப்பட்ட இதே வகைச் செப்புக்காசுகளைப் பற்றி அப்போதைய தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ல் தனி நூலே எழுதினார்.

இந்தத் துண்டுக் காசுகளில் ஒரு பகுதி, உரோமப் பேரரசு எடுத்த விழாக்களுக்காக அடிக்கப்பட்டது. இந்த இதழில் அவற்றைப் பார்ப்போம்.

உரோமர் விழா எடுத்தால் காசும் அடிப்பார்கள். தலைநகரில் என்ன நடந்தது என்று எல்லைக் காவலில் நிற்கும் படைவீரனுக்கும் தொலை மாகாணத்தில் கோதுமை விதைக்கும் குடியானவனுக்கும் தெரியப்படுத்த அரசனிடம் இருந்த மலிவான வழி அது. பொன்னும் வெள்ளியும் செல்வர் பெட்டிக்குள் போய்விடும். செப்புக்காசு சந்தைக்கு வரும், மதுக்கடைக்குப் போகும், ஒரே நாளில் பத்துக் கை மாறும். அதனால் கூட்டமும் கொண்டாட்டமும் நிறைந்த காட்சிகளைப் பெரும்பாலும் வெண்கலத்தில்தான் காண்கிறோம். அன்றைய பெரிய வெண்கலக் காசு உள்ளங்கையில் பாதியை அடைக்கும். படம் வரைய இடமிருந்தது.

கி.பி. 80ல் தீத்தஸ், கொலோசியம் அரங்கைத் திறந்து நூறு நாள் விளையாட்டு நடத்தினான். அந்த அரங்கை வானத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு காசு உண்டு. உள்ளே அடுக்கடுக்காக அமர்ந்திருக்கும் மனிதத் தலைகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அவன் தம்பி தொமித்தியன் 88ல் நூற்றாண்டு விழா எடுத்தான். அந்த விழாவின் வெண்கலக் காசுகளை வரிசையாக வைத்தால் நிகழ்ச்சி நிரலே கிடைத்துவிடும். ஒன்றில் அரசன் மேடையில் அமர்ந்து, வீட்டைத் தூய்மைப்படுத்தப் புகைக்கும் பொருட்களைக் குடிமக்களுக்குப் பங்கிடுகிறான். இன்னொன்றில் மக்கள் கொண்டுவந்த முதல் விளைச்சலை வாங்குகிறான். மற்றொன்றில் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். வேறொன்றில் கோயில் முன் பலி, பக்கத்தில் குழலூதுவோர். பொங்கல் மலருக்குப் படம் எடுக்கும் புகைப்படக்காரரும் இவ்வளவு ஒழுங்காக எடுக்கமாட்டார்.

நூற்றாண்டு விழா என்றேன். அந்தக் கணக்கு இழுபறியானது. ஒரு மனிதனின் முழு ஆயுளைவிட நீண்ட கால இடைவெளியில் வரவேண்டிய விழா அது. உயிரோடிருப்பவர் எவரும் முன்பு பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதுமில்லை என்று முரசறைவோன் கூவுவான். ஒகுஸ்தஸ் அதைக் கி.மு. 17ல் நடத்தியிருந்தான். கிளோடியஸ் வேறு கணக்குப் போட்டுக் கி.பி. 47லேயே மறுபடி நடத்தினான். முரசறைவோன் வழக்கம்போலக் கூவியபோது கூட்டம் சிரித்ததாம். பழைய விழாவைப் பார்த்த கிழவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். அதில் ஆடிய கூத்தர் சிலர் இதிலும் ஆடினார்கள் என்று சுவெத்தோனியஸ் எழுதுகிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலான விழா கி.பி. 248ல் நடந்தது. உரோம் நகருக்கு ஆயிரம் வயது. அரியணையில் இருந்தவன் பிலிப்பு. இன்று சிரியாவுக்குள் இருக்கும் அன்றைய அரேபிய மாகாணத்தில் பிறந்ததால் அரேபியன் பிலிப்பு என்பார்கள். அவனுக்கு முன்னிருந்த கோர்தியன் பாரசீக வெற்றிவிழாவுக்கென்று சேர்த்து வைத்த விலங்குகள் இந்த விழாவுக்குப் பயன்பட்டன என்கிறது ஒரு பழைய வரலாற்று நூல். 32 யானை, 60 பழக்கிய சிங்கம், 10 புலி, 6 நீர்யானை, ஒரு காண்டாமிருகம் என்று அது கணக்கும் கொடுக்கிறது. அந்த நூலாசிரியர் அளப்பதில் வல்லவர். எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சிங்கமும் நீர்யானையும் மானும் காசுகளிலேயே நிற்கின்றன. வெள்ளியிலும் அடித்தார்கள், வெண்கலத்திலும் அடித்தார்கள். அடுத்த ஆண்டே பிலிப்பு தன் தளபதி தேசியஸோடு மோதி மாண்டான்.

இத்தனை அழகான விழாக் காசுகளையும் இலங்கைக் குவியல்களில் தேடினால் ஏமாந்துபோவோம். இங்கே வந்தவை இவற்றின் ஏழைப் பேரப்பிள்ளைகள். மூன்றாம் நூற்றாண்டில் உரோமில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. வெள்ளிக்காசு என்ற பெயரில் வெள்ளிப்பூச்சுப் பூசிய செம்பு புழங்கியது; பெரிய வெண்கலக் காசை அடித்துக் கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். நான்காம் நூற்றாண்டில் செப்புக்காசு மறுபடி மறுபடி சீர்திருத்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் சில ஆண்டுகளுக்குள் சுருங்கியது. 348ல், நகரின் ஆயிரத்து நூறாம் ஆண்டை ஒட்டி, நற்காலம் திரும்பிவிட்டது என்று பொருள்படும் வாசகத்தோடு ஒரு புதிய காசு வந்தது. அந்த நற்காலக் காசும் பத்தே ஆண்டில் பாதியாகிவிட்டது. காசு சுருங்கினால் அரங்கும் ஊர்வலமும் நீர்யானையும் எங்கே நிற்கும்? ஓர் இலைமாலையும் அதற்குள் சில எழுத்துகளும்தான் மிஞ்சின.

அந்த எழுத்துகளைப் புரிந்துகொள்ள மட்டக்களப்பாருக்குப் பேராசிரியர் தேவையில்லை. மண்டூர்க் கந்தனுக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரருக்கும் கண்ணகை அம்மனுக்கும் நேர்த்தி வைத்துப் பழகிய ஊர் இது. பிள்ளைக்குச் சுகமானால் இன்னது செய்வேன் என்று காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பதும், சுகமானதும் கொண்டுபோய்ச் செலுத்துவதும், செலுத்தின கையோடு அடுத்த வருடத்துக்கு இன்னொன்று நேர்வதும் நமக்குத் தெரிந்த நடைமுறை. உரோம அரசன் பட்டமேற்கும்போது, இத்தனை ஆண்டு நலமாக ஆண்டால் தெய்வங்களுக்கு இன்னது செய்வோம் என்று நாட்டின் பெயரால் நேர்ந்துகொள்வார்கள். ஐந்தாம், பத்தாம், இருபதாம் ஆண்டுகளில் அதைச் செலுத்துவார்கள். அப்போது விளையாட்டு நடக்கும், படைக்குப் பொன் பங்கிடப்படும், தெருவெல்லாம் கொண்டாட்டம். காசின் மாலைக்குள் ‘வோட்’ என்ற எழுத்தும் பத்து என்ற இலக்கமும், கீழே ‘மூல்ட்’ என்ற எழுத்தும் இருபது என்ற இலக்கமும் இருந்தால், பத்தாண்டு நேர்த்தி செலுத்தியாயிற்று, இருபதாண்டுக்கு நேர்ந்திருக்கிறோம் என்று பொருள்.

கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. 325ல் நைசியா சங்கத்துக்கு வந்த ஆயர்களுக்குத் தன் இருபதாம் ஆண்டு விழாவில் அவன் விருந்து வைத்தான். பலி போயிற்று, விழாவும் காசும் தொடர்ந்தன. 347, 348 அளவில் அவன் மக்கள் கொன்ஸ்தந்தியஸும் கொன்ஸ்தன்ஸும் இருபது-முப்பது நேர்த்திக் காசைக் கிழக்கு நகரங்களில் ஏராளமாக அடித்தார்கள். மாலைக்குக் கீழே எந்த நகரத்து அக்கசாலை என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்: அந்தியோக்கியா, கொன்ஸ்தந்திநோபிள், அலெக்சாந்திரியா. செங்கடல் வழியாக நம் பக்கம் வரும் சரக்கு கைமாறும் நகரம் இந்தக் கடைசி ஊர்.

நேர்த்திக் காசில் ஒரு வில்லங்கம் உண்டு. காலம் கனியும்வரை காத்திராமல் அரசர்கள் முன்கூட்டியே அடித்துவிடுவார்கள். யூலியன் 361ல் தனிப் பேரரசனானான். பத்து-இருபது என்று பொறித்த காசு அவன் பெயரில் இருக்கிறது. 363 யூன் மாதம் பாரசீகப் போரில் ஈட்டி பாய்ந்து செத்தான். துணையரசனாக இருந்த காலத்தைச் சேர்த்தாலும் எட்டு ஆண்டு நிறையவில்லை. அவனுக்குப் பின் வந்த யோவியன் ஐந்து-பத்து என்று பொறித்தான். அவன் ஆண்டது எட்டே மாதம். கிராத்தியனின் காசில் இருபது-முப்பது இருக்கிறது. 383ல் கொலையுண்டபோது அவனுக்கு வயதே 24. சாதகக் குறிப்பை நம்பிப் பொன்னுருக்கிய கல்யாணங்களும் இதைவிட நன்றாக முடிந்திருக்கின்றன.

யூலியனின் பெயரை நாம் கவனிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அவன் 362ல் கொன்ஸ்தந்திநோபிளில் இருந்தபோது பல நாட்டுத் தூதுவர் பரிசுகளோடு போட்டிபோட்டு வந்தார்கள் என்று எழுதும் அம்மியானுஸ் மார்செலினுஸ், அந்த வரிசையில் செரெந்திவியரையும் சேர்க்கிறார். செரெந்திப் என்று பின்னாளில் அரபியர் அழைத்த நம் தீவுதான் அது. பாரம்பரியக் காலக்கணிப்பின்படி அப்போது அனுராதபுரத்தில் புத்ததாசன் ஆட்சி. தூதுவர் பொற்காசு பெற்றுத் திரும்பியிருக்கலாம். ஆனால் பொன் இங்கே மிக அரிதாகவே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் செம்பைத் தூதுவர் தோளில் ஏற்ற முடியாது. அது வணிகர் மூட்டையில் வந்தது.

ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு கிராம் செம்பைக் கடல்தாண்டிக் கொண்டுவந்து யாருக்கு என்ன இலாபம்? மேற்கு உரோமப் பேரரசன் மூன்றாம் வலந்தினியனின் 445ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. நாணயமாற்றுவோரிடம் 7,200 செப்புக்காசுக்கு வாங்கிய பொற்காசை 7,000க்குக் குறைத்து விற்கலாகாது என்கிறது அது. நாலரைக் கிராம் பொன்னுக்கு ஏழாயிரம் செம்பு! இப்படிப்பட்ட காசைச் சாக்கில் கட்டிக் கப்பலில் போட்டால் பெரிய நட்டமில்லை. போகிற இடத்தில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்தால் நல்ல இலாபமும்கூட.

உருக்கிப் பாத்திரம் வார்க்கத்தான் வந்தது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. நமக்கு வடக்கே சேருவிலையில் செம்பும் இரும்பும் கலந்த கனிமம் 1971ல் கண்டறியப்பட்டது; தீவில் செம்பே இல்லை என்ற நிலை இல்லை. உருக்க வந்திருந்தால் இத்தனை ஆயிரம் உருகாமல் மண்ணுக்குள் போயிருக்காது. அதைவிட முக்கியம், வந்த காசு போதாமல் அதே அளவில், அதே வட்டத்தில் இங்கேயே போலி அடித்தார்கள். உருக்குவதற்காக எவரும் போலி செய்யமாட்டார். போலிகளில் தலை இருக்கிறது, மாலை இருக்கிறது, சிலுவைகூட இருக்கிறது. எழுத்து மட்டும் கோடும் புள்ளியுமாகக் கரைந்துவிட்டது. வாசகம் யாருக்கும் தேவைப்படவில்லை. சந்தையில் உப்புக்கும் வெற்றிலைக்கும் கொடுக்கத் தக்க, எல்லாரும் ஏற்கும் ஒரு வட்டம் தேவைப்பட்டது. உரோமில் அரசனுக்காகச் செய்த நேர்த்தி, இங்கே வெறும் சில்லறை.

இதை வைத்து இலங்கையில் விழாவுக்குக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. சீன யாத்திரிகர் பாஹியன் 410ஐ ஒட்டி இரண்டு ஆண்டு இங்கே தங்கினார். இந்தச் செப்புக்காசுகளில் முகம் காட்டும் ஒனோரியஸும் இரண்டாம் தியோடோசியஸும் உரோமை ஆண்ட நாட்கள் அவை. புத்தரின் தந்தத்தை வெளியே எழுந்தருளச் செய்யும் திருவிழாவை அவர் வர்ணிக்கிறார். பத்து நாள் முன்னதாக அரசன் ஒரு பெரிய யானையை அலங்கரிப்பான். அரச உடை தரித்த ஒருவன் அதன்மேல் ஏறி, முரசறைந்து, வீதிகளைச் செப்பனிடுங்கள், பூவும் தூபமும் ஆயத்தம் செய்யுங்கள் என்று அறிவித்துப் போவான். உரோமன் காசில் பொறித்த செய்தியை இங்கே யானை சுமந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து இதே யானை இன்னொரு கதையில் வருகிறது. எகிப்திய வணிகராயிருந்து துறவியான கொஸ்மாஸ் ஆறாம் நூற்றாண்டில் எழுதியது. சோபத்ரோஸ் என்ற உரோம வணிகனும் ஒரு பாரசீகனும் இலங்கை அரசன் முன் நின்றார்கள். உங்கள் இருவர் மன்னரில் யார் பெரியவர் என்று அரசன் கேட்டான். என் மன்னர்தான் என்று பாரசீகன் மார்தட்டினான். சோபத்ரோஸ் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. இருவர் மன்னரும் இங்கேயே இருக்கிறார்கள், காசைப் பாருங்கள் என்றான். ஒரு பக்கம் பளபளக்கும் உரோமப் பொன், மறுபக்கம் பாரசீக வெள்ளி. அரசன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து உரோமன் பக்கம் தீர்ப்புச் சொன்னான். பிறகு சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி முரசு கொட்டி நகரைச் சுற்றி வரச் செய்தார்களாம். கொஸ்மாஸும் உரோமர் பக்கத்து ஆள். தம் தரப்பைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொல்வார். ஆனாலும் எனக்கு இந்தக் கதையில் ஒரு குறும்புச் சுவை தெரிகிறது. விழாவுக்காகக் காசடித்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு, காசுக்காக விழா எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஊர்களில் ஒன்றாவது நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊரா என்று வாசகர் கேட்பது காதில் விழுகிறது. இல்லைதான். பெரிய கப்பலுக்கு நம் கரை என்றும் தோதாக இருந்ததில்லை. வாவி 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்தாலும், பாலமீன்மடு முகத்துவாரம் இன்றும் மாரி வெள்ளத்தில் வாய் திறக்கும், கோடையில் மணல் மூடிக்கொள்ளும். ஆழமான துறை வேண்டியவர்கள் வடக்கே கோகர்ணம் என்ற திருகோணமலைக்குப் போனார்கள். வாவிக்குள் புழங்கியது தோணியும் வள்ளமும்தான். ஆனால் மேற்கே, அந்தக் காசுகள் புழங்கத் தொடங்குவதற்குச் சில நூற்றாண்டு முன்பே, ஆட்கள் நெருக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். கரடியனாற்றுப் பக்கம் குசலான மலையிலும் அம்பாறையில் இராசகல மலையிலும் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பட்டிப்பளை ஆற்றுப் படுகையில் தீகவாபி இருக்கிறது. நெல் விளைந்து, துறவியருக்குக் குகை கொடுத்து, கல்லில் பெயர் வெட்டிய ஊர்கள் சில்லறை இல்லாமல் வாழ்ந்திருக்க முடியாது. அது எந்தச் சில்லறை என்பதை மண்தான் காட்ட வேண்டும்.

ஆகவே வயலில் மண்வெட்டி போடுகிறவர்களுக்கும் வாவிக் கரையில் வலை உதறுகிறவர்களுக்கும் சில குறிப்புகள். பழைய செம்பெல்லாம் உரோமம் அல்ல. காசில் இன்றைய இலக்கங்களில் ஆண்டு எண் இருந்தால் அது உரோமமே அல்ல. வி, ஓ, சி மூன்றும் பின்னிய சின்னம் இருந்தால் ஒல்லாந்தக் கம்பனியின் காசு. 1638ல் புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தவர்களின் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதனும் மறுபக்கம் அமர்ந்த மனிதனும் நாகரி எழுத்தும் இருந்தால் சோழர் அல்லது பொலன்னறுவைக் காலம். நகம் அளவே இருந்து, ஒரு பக்கம் தலைப்பட்டி கட்டிய முகமும் மறுபக்கம் வட்ட மாலையோ சிலுவையோ சிறகுள்ள பெண்ணோ தெரிந்தால், நாம் பேசும் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்கும் நல்ல பழக்கம் இங்கே கேடாகிவிடும். பச்சைக் களிம்புக்குள்தான் எழுத்து இருக்கிறது. களிம்பை உரித்தால் எழுத்தும் போய்விடும். எடுத்த இடத்தைக் குறித்துவையுங்கள். காசைவிட இடம் பெரிது. கொழும்புக் கடையில் ஐந்து உரோமக் காசு வாங்கலாம். அவை எந்த மண்ணில் கிடந்தன என்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி இப்படிக் கிடைப்பதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நமக்குப் பயன் தருவதும் அதுதான். வாவியின் எந்தக் கரையில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று பதிவான ஒரே ஒரு நேர்த்திக் காசு, மேலே நான் ஊகமாகச் சொன்ன ஒரு பந்தியையே மாற்றி எழுத வைத்துவிடும்.

உரோமச் செம்பு வந்து நிரம்புவதற்கு முன்பு தீவுக்குள்ளேயே அடித்த காசுகள் இருந்தன. அவற்றில் நீள்சதுரத் தகடாக, தாமரைமேல் நிற்கும் பெண்ணுக்கு இருபுறமும் யானைகள் நீர் சொரியும் வகையைத்தான் லட்சுமித் தகடு என்கிறோம். 1917ஐ அடுத்த ஆண்டுகளில் கந்தரோடையில் போல் பீரிஸ் கண்டெடுத்தவற்றிலிருந்து அடுத்த இதழைத் தொடங்கலாம்.